இடித்தவனுக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை என் கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து எடுத்தது.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடை பழகுவதற்காக என்னை ஒரு சமூக மருத்துவமனையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் செல்லக்கண்ணு. செம்பவாங்கிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய் வாங்க வந்தவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு காய்கறி வேன் அவரை இடித்துத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. வலித்தால் முனகமாட்டார். நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டு, தலையணையை யார் இப்படிக் கோணலாக வைத்தது என்று விசாரிப்பார்.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வந்தார். தலை முழுக்க வெள்ளை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பப்பாளி. கட்டில் காலடியில் நின்று சொன்னார்:

"அம்மா, நான்தான் உங்களை இடிச்சேன். நீங்க என்னை மன்னிக்கணும்."

செல்லக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இல்ல," என்றார்.

நான் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். கப்பைக் கீழே வைத்துவிட்டேன். கதை என்னைப் பிடித்தது அங்கேதான். அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதியைக் கட்டில்களுக்கு இடையே தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் படுத்தபடி கேட்டேன். மீதிப் பாதிக்கு நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒட்டுப் போட்ட இடங்களை மறைக்கமாட்டேன் கண்ணுகளா. தையல் தெரியட்டும்.

2

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

அன்று காலை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அப்படி ஒரு மழை, எதிரில் வருவது ஆளா வண்டியா என்று—

(இது வேண்டாம். காரணம் கீழே.)

நீதி என்பது யாருடைய பொருள்? அதை ஒருவரிடமிருந்து ஒருவர்—

(இதுவும் வேண்டாம். என் வயதில் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்.)

மழையை எடுத்துவிடக் காரணம் சேக் தாவூது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதை சொல்வேன். எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பார்த்துவிடுவது என் பழக்கம். அப்போது முன்வரிசையில் உட்கார்ந்து குறுக்கே பேசுகிறவர் அவர். பல வருடம் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் மழை என்றதுமே கையைத் தூக்கினார்.

"அக்கா, மழை எதுக்கு?"

"சும்மா, அழகுக்கு."

"அழகுக்கு இல்ல. கேமராவுக்கு. வேனை ஓட்டினது யாருன்னு கேமராவுல தெரியக் கூடாதுன்னு மழையைக் கொட்ட விடறீங்க. சிங்கப்பூர்ல கேமரா இல்லாத மூலை ஏது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது சரி. அதனால் மழை இல்லை. நல்ல வெயில். அந்தச் சந்திப்பில் கேமரா இருந்தது. வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டியதை அது பார்த்தது. முன்கண்ணாடியில் வெயில் பட்டுப் பளீரென்று இருந்ததால், உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

("வெயிலும் உங்க வேலைதானே?" என்றார் தாவூது. நான் மேலே சொல்லிக்கொண்டே போனேன்.)

3

பப்பாளிக்காரருக்கு ஒரு பெயர் வேண்டும். கேசவன் என்று வைக்கிறேன். அவர் தீவிரமான கிறிஸ்தவச் சபைக்காரர், பிரசங்கம் செய்கிறவர். கேசவன் என்று பெயர் வைத்துவிட்டால் நீங்கள் எந்தச் சபையில் தேடினாலும் கிடைக்கமாட்டார். தம்பிக்குப் பிரேம். வேன் தம்பியுடையது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்றி வருவான். சனிக்கிழமைகளில் துணைக்கு அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

கேசவனை நீங்கள் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே, அவர் தன் வாயால் செல்லக்கண்ணுவிடம் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

பெரிய வெள்ளி அன்று அவர்கள் சபையில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி, துவையல். (என் வீட்டுக்காரரும் சபைக்காரர்தான். நான் கஞ்சிக்கு மட்டும் வருகிறவள் என்று கடைசிவரை கேலி செய்தார்.) எல்லாம் முடிந்தது என்று இயேசு சொன்ன ஆறாம் வார்த்தை வருடா வருடம் கேசவனுக்குத்தான். கேசவனும் வருடா வருடம் ஒரே கதையைத்தான் சொல்வார். செம்பவாங் பள்ளியில் ஒரு சின்னப் பையன் வகுப்பு ஜன்னலை உடைத்துவிட்டான். வாத்தியார் பிரம்பை எடுத்தார். பெரிய வகுப்பிலிருந்து அவன் அண்ணன் ஓடி வந்து, நான்தான் உடைத்தேன் என்று கையை நீட்டினான். பிரம்பு இறங்கியது. நமக்கு விழ வேண்டிய அடி இப்படித்தான் அவர்மேல் விழுந்தது என்று கேசவன் முடிக்கும்போது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்குமாம்.

அந்த அண்ணன் கேசவன். சின்னப் பையன் பிரேம்.

ஆக, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் போலீஸ் வந்து "ஓட்டினது யாரு?" என்று கேட்டபோது அவர் யோசித்திருக்கவே மாட்டார். கை தானாக நீண்டிருக்கும். தம்பிக்கு ஏற்கெனவே லைசென்சில் தண்டனைப் புள்ளிகள் ஏறியிருந்தன. இன்னொன்று ஏறினால் பிழைப்பே போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

4

இனி வருவது நான் கேட்டது. அவர் இரண்டாம் முறை வந்தபோது.

"மறுபடியும் நீங்களா?" என்றார் செல்லக்கண்ணு. "அந்தப் பையன் எங்க?"

"எந்தப் பையன்மா?"

"கீழ விழுந்து கெடந்தேன். ஒருத்தன் இறங்கி ஓடி வந்து என் தலையை மடியில வெச்சுக்கிட்டான். கை நடுங்குச்சு. கையெல்லாம் கறிவேப்பிலை வாசம். 'ஆண்ட்டி, சாரி ஆண்ட்டி, நான் பார்க்கல'ன்னு அழுதான். நீங்க அந்தப் பக்கக் கதவுலேர்ந்து இறங்கினீங்க. எனக்கு ஒடைஞ்சது இடுப்பு, கண்ணு இல்ல."

கேசவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக: "அம்மா, தண்டனையை யாராவது ஒருத்தர் வாங்கித்தானே ஆகணும். நான் வாங்கிக்கிறேன். எனக்கு அதுல சமாதானம். கடவுளே அப்படித்தானே நமக்காகச் செஞ்சார்?"

"சரி. சாமியும் நீங்களும் பேசி முடிச்சுக்கிட்டீங்க. இடுப்பு என்னோடதுலா. என்னை யாரு கேட்டீங்க?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன் கண்ணுகளா. கோப்பிக் கடையிலும் எம்ஆர்டி ரயிலிலும் அது கூடவே வருகிறது.

செல்லக்கண்ணு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர். அதைச் சொல்லாமல் அவரால் ஒரு நாளைக் கடத்த முடியாது. அன்றும் சொன்னார்.

"எங்க லைன்ல ஒரு ரூல். தப்பா ஈயம் வெச்சு சால்டர் பண்ணின பீஸ் யார் கையிலேர்ந்து வந்துச்சோ அந்தக் கைக்கே திரும்பிப் போகணும். பக்கத்துல இருக்கிறவ பாவம் பார்த்து வாங்கி ஒட்டிக் குடுக்கக் கூடாது. குடுத்தா பீஸ் சரியாயிடும். அவ சரியாக மாட்டா."

"மனுஷங்க பீஸ் இல்லையேம்மா," என்றார் கேசவன். "உங்க லைன்ல ஒருத்தர்கூட அழுததில்லையா?"

"அழ வெச்சிருக்கேன்லா. நெறைய பேரை." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அதுல ஒருத்தி வேலையை விட்டே போயிட்டா. நல்ல கைக்காரி," என்றார்.

பிறகு, தன் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். கேசவன் போட்டுவிட்டு உட்காரப் போனார்.

"நீங்க நில்லுங்க. அது அவனுக்கு. வியாழக்கிழமை என்கிட்ட வாக்குமூலம் வாங்க ஆபீசர் வர்றாரு. அதுக்கு முன்னாடி அவன் வரணும்."

"வந்தா ஆபீசர்கிட்ட சொல்லாம இருப்பீங்களா?"

"வந்தாலும் வராட்டியும் நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன்."

"அப்புறம் எதுக்கும்மா அவன் வரணும்?"

"இடிச்சது அவன். அதான்."

அந்த வியாழன் பெரிய வியாழன். மறுநாள் கேசவன் ஆறாம் வார்த்தை பேச வேண்டியவர். ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று நீதிமன்றத்தில் நின்று, செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியவரும் அவரே.

5

(இது கட்டுரை மாதிரி இருக்கும். கால் மரத்துப்போனவர்கள் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வரலாம்.)

நான் பள்ளியை அரைகுறையில் விட்டவள். பிரசங்கங்களைக் காதால் கேட்டது மட்டும்தான் என் வேதப் படிப்பு. சிலுவையில் என்ன நடந்தது என்பதைச் சபையில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தீயவன் கையில் சிறைப்பட்டிருந்த நம்மை மீட்டுக்கொண்டு வந்தார் என்பார் ஒருவர். இவ்வளவு அன்பைக் கண்டால் கல்நெஞ்சும் திரும்பும், அதற்காகவே என்பார் இன்னொருவர். ஆனால் அதிகம் கேட்டது நீதிமன்றக் கதைதான். சட்டம் மீறப்பட்டது, தண்டனை விழுந்தே ஆக வேண்டும், அதை அவர் நம் இடத்தில் நின்று வாங்கிக்கொண்டார்.

இதைத் தாவூதிடம் சொன்னேன். மனிதர் மசூதிக்குப் போகிறவர். அதனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க வேதத்தைப் பத்தி நான் பேசல அக்கா. கோர்ட்டைப் பத்திச் சொல்றேன். அபராதத்தை உங்களுக்காக வேற ஒருத்தர் கட்டலாம். ஜெயிலுக்கு உங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் போக முடியாது. உங்க கேசவன் அதையும் தாண்டிட்டார். தண்டனையை வாங்கிக்கிறேன்னு அவர் சொல்லல. செஞ்சதே நான்னு சொல்லிட்டார். அது பொய். பொய் சொன்ன அண்ணனுக்கும் ஜெயில், சொல்ல விட்ட தம்பிக்கும் ஜெயில். தானா முன்வந்து சொன்னா ஜட்ஜ் கொஞ்சம் இரக்கம் பார்ப்பார். ஆபீசர் கண்டுபிடிச்ச பிறகு சொன்னா அது வேற கணக்கு."

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேசவனைக் காப்பாற்ற ஒரு வழி தேடினேன். தேடப்போன இடத்தில் வேறு ஒன்றில் இடித்துக்கொண்டேன்.

சிலுவைக் கதையில் மன்னிக்கிறவர் யார்? அடி வாங்கியவர். யாருக்கு விரோதமாகத் தப்பு நடந்ததோ அவரே இறங்கி வந்து, அந்த வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு மன்னிக்கிறார். இதில் மூன்றாம் ஆள் கிடையாது. கேசவன் அந்த இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டார். நானும் நம்பி அந்த வேஷத்தை அவருக்கே கட்டிவிட்டேன். ஆனால் என் கதையில் அடி வாங்கியது யார்? உடைந்த இடுப்போடு படுத்திருப்பது யார்?

செம்பவாங்கில் மாரியம்மன் படம் மாட்டிய வீட்டிலிருந்து வந்த, தலையணை கோணினால் சண்டை பிடிக்கிற செல்லக்கண்ணு.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். சபைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். கேசவன் காதில் விழுந்தால் என்ன செய்வார் என்று அதைவிடப் பயம். அந்த வரியை அடித்துவிடலாமா என்றும் பார்த்தேன். அடிக்கவில்லை.

6

(முழுக்க ஒட்டுப் போட்டது. பிரேமை நான் பார்த்ததே இல்லை.)

தேக்கா சந்தைக்குப் பின்னால், இறக்குமிடத்தில் பிரேம் கறிவேப்பிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறான். இப்போது வேனை ஓட்டுவது கூலிக்கு வந்த வேறொருவன். பிரேம் சுமைகளை மட்டும் தூக்குகிறான். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் வந்து ஓரமாக நிற்கிறார்.

"அந்தம்மா உன்னைக் கேக்கறாங்க. நீ போகாதே. நான் பேசிக்கறேன்."

"நீ பேசினதெல்லாம் போதும்ணே."

"கோவப்படாதேடா."

"ஜன்னலை ஒரு தடவைதான் உடைச்சேன். நீ வருஷா வருஷம் உடைக்க வைக்கிறே. பெரிய வெள்ளி வந்தாலே எனக்குச் சபைப் பக்கமே வரப் பிடிக்கல."

"உன் பேரைச் சொன்னதில்லையே தம்பி."

"எல்லாருக்கும் தெரியும். கஞ்சி ஊத்தற மாமி என் மூஞ்சியைப் பார்த்து, 'குடுத்து வெச்சவன்ப்பா நீ'ங்கறாங்க. கஞ்சி இறங்குமா? அன்னிக்கு வாத்தியார் என்னை அடிச்சிருந்தா கொஞ்ச நேரம் எரிஞ்சிருக்கும், விளையாடப் போயிருப்பேன். அந்த அடி என் கைக்கு வரவே இல்லண்ணே. இன்னும் கையை நீட்டிக்கிட்டே நிக்கறேன்."

கேசவன் தம்பியின் கையைப் பார்க்கிறார். பச்சைக் கறை படிந்த கை.

"ஜெயிலுக்குப் போயிடுவேடா."

"தெரியும். பயமாத்தான் இருக்கு." பிரேம் ஒரு கட்டைத் தூக்கித் திரும்பக் கீழே வைக்கிறான். "சாவியை என் கையிலேர்ந்து நீ வாங்கினே பாரு, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்தம்மா தரையில கெடக்கறாங்க, எனக்கு நிம்மதி! அதை நெனச்சாத்தான் அசிங்கமா இருக்கு."

இந்த இடத்தில் கேசவன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. "அப்போ நீ—" என்று எழுதினேன். "என்னை மன்னி—" என்று எழுதினேன். எந்த வாக்கியமும் முழுதாக அவர் வாயிலிருந்து வர மறுக்கிறது. மன்னிப்பு என்று ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற மனிதருக்கு, தம்பியிடம் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. கறிவேப்பிலைக் கட்டு ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறார். பிரேம் அதைப் பிடுங்கித் திரும்ப வாங்கிக்கொள்கிறான்.

7

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் ஆளுக்கொரு முடிவு கொடுத்தார்கள்.

பெண்கள் கேட்டது: பெரிய வெள்ளியன்று கேசவன் ஆறாம் வார்த்தையை ஆரம்பிக்கிறார். கூட்டத்திலிருந்து பிரேம் எழுந்து, "வேனை ஓட்டினது நான்" என்கிறான். சபை திகைக்கிறது. (எழுதிப் பார்த்தேன். கைதட்டல் வாங்கும். ஆனால் செல்லக்கண்ணு சபையில் இல்லை. மறுபடியும் அவரை விட்டுவிட்டு எல்லாரும் அழுதுகொள்கிறார்கள்.)

தாவூது கேட்டது: பிரேம் வியாழனுக்கு முன்னால் நேரே போலீசுக்குப் போகிறான். "சுத்தமான முடிவு அக்கா. சட்டமும் நிக்கும்." (அவர் சொன்னால் தப்பாக இருக்காது. ஆனால் அங்கேயும் நாற்காலி காலியாகவே இருக்கிறது.)

"செல்லக்கண்ணு விட்டுக் குடுத்துட்டா என்ன? வயசானவங்கதானே," என்றது ஒரு பின்வரிசைக் குரல். சொன்னது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயதானவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுக்கத்தான் பிறந்தோமா?

எனக்கும் ஒரு முடிவு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதில் பிரேம் வருகிறான். உட்கார்கிறான். செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்க்கிறார். மூன்று தரம் திருத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

அதை ஏன் கிழித்தேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

8

என்னைப் புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைக் கட்டிலில் வைத்துக்கொண்டு டாக்சிக்காகக் காத்திருந்தேன். பார்வையாளர் நேரம். நாற்காலி இடப்பக்கத்தில் அப்படியே இருந்தது. செல்லக்கண்ணு அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தலை சீவியிருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார்.

"வரலேன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

"வரலேன்னா வரல." சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "பயந்திருப்பான். தலையைப் பிடிச்சப்பவே கை அப்படி நடுங்குச்சு," என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை. லைன் லீடர் குரலாக அது இல்லை.

"வந்தா என்ன சொல்லுவீங்க?"

"அது அவன்கிட்ட சொல்றது. உங்ககிட்ட எதுக்கு?"

சரிதான் என்று எழுந்தேன். கைத்தடியைப் பிடித்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, நீங்க கதை எழுதறவங்களாமே. மிஸ்ஸி சொன்னாங்க. திரைக்குப் பின்னாலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னும் எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் எரிந்தது.

"எழுதுங்க, பரவால்ல. ஆனா அவனைக் கொண்டுவந்து இதுல உட்கார வெச்சுடாதீங்க. அண்ணன்காரர் செஞ்சதையே நீங்களும் செஞ்ச மாதிரி ஆயிடும். அவனா வரணும்."

வீட்டுக்கு வந்த பிறகும் எழுதிப் பார்த்த என் முடிவைக் கடைசியில் கிழித்தது அதனால்தான். வியாழக்கிழமை என்ன ஆயிற்று, செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் யார் நின்றார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இருக்கிறது. தாவூதுக்கு ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. நீங்களும் அவனுக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள் தங்கங்களே. அவன் வந்தான் என்று நினைத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். சாவி கைமாறியபோது பிரேமுக்கு வந்ததே, அந்த நிம்மதியைத்தான் சொல்கிறேன்.

நான் லிஃப்டை நோக்கி நடந்தபோது ஒலிபெருக்கியில் பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று சொன்னார்கள். லிஃப்ட் கதவு திறந்து—

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். முதுகுக்குப் பின்னால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். மிஸ்ஸி நாற்காலியை மடிக்கும் சத்தம். உடனே செல்லக்கண்ணுவின் குரல்:

"இருக்கட்டும் மிஸ்ஸி. எடுக்காதீங்க. ஆள் வரும்லா."